அனாமத்துக் கணக்கு

போன ஆவணியில் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மேடையில் மெல்லிசைக் குழு. பந்தியில் இடம் பிடிக்கிற அவசரத்தில் பாதிக் கூட்டம் எழுந்துவிட்ட நேரம் பார்த்து, பாடகி 'என்ஜாய் எஞ்சாமி'யை எடுத்தார். அவ்வளவுதான். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்திருந்த பொடிசுகள் எழுந்து ஆட ஆரம்பித்தார்கள். என் பக்கத்தில் இருந்த ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருவர் பட்டு வேட்டி கசங்குவதைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல் தொடையில் தாளம் போட்டார்.

"யாரு பாட்டு அண்ணாச்சி இது?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும். சும்மா ஒரு சோதனை.

"சந்தோஷ் நாராயணன்லா?"

"எழுதுனது?"

"எழுதுனதா... இது பழைய நாட்டுப்புறப் பாட்டுல்லா? எடுத்துப் போட்டிருக்கான்."

முன் வரிசையில் இருந்த காலேஜ் பையன் திரும்பினான். "இல்ல தாத்தா. தீன்னு ஒரு பொண்ணு பாடிச்சு. கூட ஒருத்தரு வருவாருல்லா, கறுப்பா... அவரு ராப்."

கறுப்பா ஒருத்தர். அவருக்குப் பெயர் இருக்கிறது. அறிவு. பாட்டை எழுதியவர் அவர்தான். வீடியோவிலேயே போட்டிருக்கிறார்கள். 2021 மார்ச்சில் வெளியாகி கோடிக்கணக்கான தடவை பார்க்கப்பட்ட வீடியோ. ஆனால் அந்த மண்டபத்தில் நான் கேட்ட இரண்டு பேருக்கும் அந்தப் பெயர் வாயில் வரவில்லை.

நான் பி.காம்.காரன். நீள நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துப் பேரேடு எழுதிப் பழகிய ஆசாமி. (பேர் எழுதுகிற ஏடு என்பதால்தான் 'பேரேடு' என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய ஏடு என்பதுதான் அர்த்தமாம். என் அர்த்தமே எனக்குப் பிடித்திருக்கிறது.) அக்கவுண்டன்சியில் முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிற விதி ஒன்று உண்டு. அர்த்த ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் காமர்ஸ் படித்தவன் சொல்லிவிடுவான்: பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. அதாவது டெபிட் த ரிசீவர், கிரெடிட் த கிவர். கொடுத்தவன் பெயரில் வரவு எழுதாமல் ஒரு பொருளை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ள முடியாது. கணக்கு டேலி ஆகாது.

டேலி ஆகாவிட்டால் என்ன செய்வோம் தெரியுமா? இருப்பாய்வில் பற்றும் வரவும் உதைக்கிறது. எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க நேரமில்லை, அல்லது மனசில்லை. அந்த வித்தியாசத்தைத் தூக்கி ஒரு தலைப்பில் போட்டுவிட்டுப் போய்விடுவோம். அந்தத் தலைப்புக்குப் பெயர் அனாமத்துக் கணக்கு. ஆங்கிலத்தில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்.

நம்மூரில் 'நாட்டுப்புறப் பாட்டு' என்கிற தலைப்பைப் பல சமயம் அப்படித்தான் உபயோகப்படுத்துகிறோம் என்பது என் கட்சி.

அறிவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுப் பெயர் அறிவரசு கலைநேசன். அரக்கோணத்துக்காரர். 2018 ஜனவரியில் சென்னையில் 'த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்றொரு இசைக்குழு முதல் கச்சேரி செய்தது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. கானா, பறை, ராக், ராப் எல்லாம் ஒரே மேடையில். குழுவின் பெயரே அயோத்திதாசப் பண்டிதர் அந்தக் காலத்தில் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்பதிலிருந்து வந்ததுதான். அந்த மேடையில் ராப் பாடிய பையனைத்தான் ஊர் முதலில் கவனித்தது. அதே வருடம் 'காலா'வுக்கு 'உரிமையை மீட்போம்' பாடலை எழுதினார். 2019-ல் ஆஃப்ரோ என்ற இசைக் கலைஞரோடு சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம். 2021-ல் 'மாஸ்டர்' படத்தில் 'வாத்தி ரெய்டு'. அந்தப் பாட்டைக் கூலிக்கு மாரடித்தது என்று சிலர் சொன்னார்கள். இருக்கட்டுமே. நன்றாகத்தான் மாரடித்திருக்கிறார்!

அடுத்து 'என்ஜாய் எஞ்சாமி'. சந்தோஷ் நாராயணன் இசை, தீயும் அறிவும் குரல். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு அரக்கோணம் பக்கம் திரும்பி வந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்துதான் பாட்டு பிறந்தது என்று அறிவு சொல்லியிருக்கிறார். வீடியோவிலேயே அந்தப் பாட்டி கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார்.

இந்தத் 'திரும்பி வந்த' விவகாரத்தை இரண்டு வரியில் தாண்டக் கூடாது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கை மலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களை இரண்டு நாடும் பங்கு பிரித்துக்கொண்ட ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள். ஒன்றரை லட்சம் மனுஷர்கள், சார்... பத்து வருடம் அனாமத்தில் கிடந்தார்கள். 1974-ல்தான் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். வள்ளியம்மாள் என்ற பெயர் அந்த இரண்டு ஒப்பந்தத்திலும் கிடையாது. அங்கே தலைக்கணக்கு மட்டும்தான். பேரன் வந்துதான் பெயர் எழுத வேண்டியிருந்தது.

பேரன் பெயருக்கு என்ன ஆயிற்று?

2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு, 'என்ஜாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' ஆகிய பாடல்களைச் சொல்லி அட்டைப்படம் போட்டது. அட்டையில் தீ இருந்தார். கனடாவாழ் ஈழத் தமிழர் ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார். இரண்டு பாட்டுக்கும் தமிழ் வரிகள் எழுதிய அறிவு இல்லை. பா.இரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். சண்டை பெரிதானதும் அறிவை வைத்துத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வெளியிட்டார்கள். கணக்குப் பாஷையில் இதற்குத் திருத்தப் பதிவு என்று பெயர். தப்பாக எழுதியதை அழிக்க முடியாது. கீழே இன்னொரு வரி எழுதலாம்.

அடுத்த வருடம், 2022 ஜூலை 28. சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமர், முதல்வர் எல்லோரும் இருந்த மேடையில் தீயும் கிராமியப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் இந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு இல்லை. இந்தத் தடவை அவரே வாய் திறந்தார். பாட்டை இயற்றி, எழுதி, பாடியது தான்தான், மெட்டையோ ஒரு வார்த்தையையோ யாரும் தனக்குத் தரவில்லை என்று எழுதினார். சந்தோஷ் நாராயணன் உடனே பதில் சொன்னார். மூன்று பேரும் சேர்ந்து செய்த பாட்டு, அறிவு அமெரிக்காவில் இருந்ததால்தான் விழாவுக்கு வர முடியவில்லை, எந்த மேடையிலும் அவரைக் குறைத்துப் பேசியதில்லை என்றார்.

யார் பக்கம் நியாயம்? வாசகர்கள் என்னை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு ஸ்டூடியோவுக்குள் நான்கு சுவருக்கு நடுவில் எந்த ராகம் யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்று வெளியாளால் ஆடிட் செய்ய முடியாது. அந்தப் பாட்டு இவ்வளவு தூரம் போனதற்குத் தீயின் குரல் ஒரு காரணம். கரகரப்பும் குழந்தைத்தனமும் கலந்த அந்தக் குரலை எடுத்துவிட்டுப் பாடிப் பாருங்கள், தெரியும். சந்தோஷ் நாராயணன் இசைக் கோர்ப்பில் மண் வாசனையும் டான்ஸ் மியூசிக்கும் ஒன்றையொன்று முறைக்காமல் நிற்கின்றன. அது லேசுப்பட்ட வேலை இல்லை. எல்லாம் சரி. மூன்று பேர் செய்த பாட்டில், மேடை பெரிதாகும்போதெல்லாம் ஒரே ஆளின் பெயர் மட்டும் எப்படி விட்டுப்போகிறது? ஒரு தடவை விட்டுப்போனால் கிளார்க் தப்பு. இரண்டு தடவை என்றால் நோட்டையே புரட்டிப் பார்க்க வேண்டாமா?

பணமாவது வந்ததா என்றால், 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே, இந்தப் பாட்டிலிருந்து எங்கள் மூன்று பேருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று வீடியோ போட்டார். வெளியிட்ட நிறுவனத் தரப்பு வேறு கணக்கு சொன்னது. அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை.

இங்கே சம்பந்தமில்லாமல் ஒரு அமெரிக்கர் வருகிறார். பொறுத்துக்கொள்ளுங்கள், சம்பந்தம் இருக்கிறது.

வில் ஸ்மித். 2022-ல் ஆஸ்கர் மேடையில் ஏறி ஒருவரை அறைந்தாரே, அவர்தான். அவர் ஆரம்பத்தில் சினிமா நடிகர் இல்லை. ராப் பாடகர். ஃபிலடெல்ஃபியாக்காரர். ஜெஃப் என்ற நண்பரோடு சேர்ந்து பாடினார். 1988-ல் வந்த அவர்களுடைய ஆல்பத்தின் தலைப்பு என்ன தெரியுமா? 'அவன் டி.ஜே., நான் ராப்பர்'. தலைப்பிலேயே வரவு வைத்துவிட்டார்கள், பாருங்கள்! இசைத்தட்டு சுழற்றுகிறவன் அவன், பேசுகிறவன் நான். பின்னாடி தகராறே வராது.

அடுத்த வருடம், 1989-ல் கிராமி விருதில் முதன்முதலாக ராப்புக்கு என்று ஒரு பிரிவு ஏற்படுத்தினார்கள். வென்றது இவர்கள்தான். ஆனால் அந்த விருதைக் கொடுப்பதை டி.வி.யில் காட்ட மாட்டோம் என்றார்கள். விருது உண்டு, முகம் காட்ட மாட்டோம். கறுப்புப் பையன்கள் இரண்டு பேரும் விழாவுக்கே போகவில்லை. வேறு சில ராப்பர்களும் புறக்கணித்தார்கள்.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி, காமர்ஸ்காரன் என்பதால். வில் ஸ்மித் சம்பாதித்ததை எல்லாம் காரும் பங்களாவுமாகச் செலவழித்துவிட்டு வரி கட்ட மறந்துபோனார். இருபத்தெட்டு லட்சம் டாலர் பாக்கி என்று வரி இலாகா வந்து நின்றது. ஆண்டியாகப் போகிற நிலைமை. அந்த நேரத்தில்தான் 1990-ல் என்.பி.சி. டி.வி. கூப்பிட்டு அவரை வைத்தே ஒரு சீரியல் எடுத்தது. 'த ஃப்ரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல் ஏர்'. பாடகராக அவர் வைத்துக்கொண்ட பட்டப்பெயர்தான் சீரியலின் தலைப்பு. கதாபாத்திரத்தின் பெயரும் வில். ஊரும் அவர் ஊர். தலைப்புப் பாட்டும் அவர் ராப். 1996 வரை ஆறு சீசன் ஓடியது. எந்த டி.வி.யில் அவர் விருது வாங்குவதைக் காட்ட மாட்டோம் என்றார்களோ, அதே டி.வி. பெட்டிக்குள் வாராவாரம் தன் சொந்தப் பெயரில் வந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் அவரை 'கறுப்பா ஒருத்தர்' என்று யாரும் சொல்லவில்லை.

அறிவுக்கு அப்படி ஒரு சீரியல் கிடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம்ம ஊர் சீரியல்களைப் பார்த்தால் அது தண்டனையாகக்கூட இருக்கும்.

இனி பாட்டுக்குள் வருகிறேன். 'எஞ்சாமி' என்றால் 'என் சாமி'. இந்த ஒரு வார்த்தையில்தான் அறிவின் கெட்டிக்காரத்தனம் முழுக்க இருக்கிறது. எங்கள் தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் இரண்டு போகம் விளையும். பாபநாசத்தில் இறங்கி, கன்னடியன், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று அணைக்கட்டு அணைக்கட்டாகத் தண்ணீர் பிரிந்து போகிற பூமி. வயலுக்குள் குனிந்து நாற்று நட்டவர்கள், வரப்பில் குடை பிடித்து நின்றவரை 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். இடுப்பில் துண்டு இறங்கியிருக்க வேண்டும். அதே பெண்கள் சாயந்திரம் குடிசைக்குத் திரும்பி, பேரப்பிள்ளையை மடியில் போட்டுக் கொஞ்சும்போது வாயில் வருவதும் 'என் சாமி'தான். பயத்துக்கும் பாசத்துக்கும் ஒரே வார்த்தை. அறிவு அதற்குப் பக்கத்தில் 'என்ஜாய்' என்கிற இங்கிலீஷ் வார்த்தையைக் கொண்டுபோய் உட்கார வைத்தார். நாம் 'என்ஜாய்'யை மட்டும் எடுத்துக்கொண்டோம். பாட்டின் பிற்பகுதியில் வேகம் அடங்கி, மண்ணை உண்டாக்கியவனுக்கு என்ன மிச்சம் என்று ஒப்பாரியாக ஒரு கேள்வி எழும்புகிறதே... கல்யாண வீட்டு மெல்லிசைக் குழு அந்த இடத்தைப் பாடவே இல்லை. நேரே அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது.

அறிவை எனக்கு முழுசாகப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். 'தெருக்குரல்' ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். சில இடங்களில் அவர் பாடவில்லை, மேடைப் பேச்சு பேசுகிறார். கோபம் நிஜம்தான். ஆனால் சாதி, முதலாளி, அதிகாரம் என்று பெரிய பெரிய வார்த்தைகளாக அடுக்கும்போது எதுகை மோனை ஓடுகிறது, மனசு நின்றுவிடுகிறது. தெருமுனைக் கூட்டத்தில் கைதட்டு வாங்குகிற வரிகள். அதே ஆல்பத்தில் 'ஸ்னோலின்' கேளுங்கள். 2018 மே 22-ல் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போன பதினேழு வயதுப் பெண். அந்தப் பெயரைத் தலைப்பாக வைத்த உடனே அவருடைய குரல் மாறிவிடுகிறது. கத்துவது நிற்கிறது. வார்த்தைகளுக்கு நடுவே மூச்சு விழுகிறது. ஒரு மனுஷியின் பெயரைச் சொல்லும்போதுதான் அறிவு நல்ல கவிஞர். ஸ்னோலின், வள்ளியம்மாள்... 2024-ல் தனி ஆல்பம் போட்டபோது அதற்கு வைத்த பெயரும் 'வள்ளியம்மா பேராண்டி'. தன் பெயருக்குச் சண்டை போட்ட மனுஷன், அட்டையில் முதலில் பாட்டி பெயரைப் போட்டிருக்கிறார்.

எங்கள் வில்லுப்பாட்டில் இதற்கு ஒரு சம்பிரதாயமே உண்டு. குருவடி பாடுதல். வீசுகோலைக் கையில் எடுத்தவர் சுடலைமாடன் கதையையோ முத்துப்பட்டன் கதையையோ சட்டென்று ஆரம்பித்துவிட மாட்டார். காப்புப் பாடி, யாரிடம் கற்றுக்கொண்டாரோ அவரை வணங்கிவிட்டுத்தான் கதைக்குள் போவார். விடிய விடிய நடக்கிற கச்சேரியில், பக்கத்தில் ஒருவர் 'ஆமா' போட்டுக்கொண்டே இருப்பார். ராப்பிலும் பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார், கவனித்திருக்கிறீர்களா? பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் தாளத்தில் கதை சொல்கிற வித்தை அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்ததாக நெல்லைக்காரன் எவனும் நம்ப மாட்டான். சத்திரபுதுக்குளத்துக்காரரான சுப்பு ஆறுமுகம் அந்த வில்லை ரேடியோவுக்கும் டி.வி.க்கும் கொண்டுபோய், 2021-ல் பத்மஸ்ரீ வரை வாங்கிவிட்டு 2022-ல் காலமானார். அவர் பெயர் நிலைத்தது. சுடுகாட்டுப் பக்கத்துக் கோயில் கொடையில் ராத்திரி முழுக்கப் பாடிய எத்தனையோ பேர் பெயர் நிலைக்கவில்லை.

பெயர் எழுத முடியாது என்பதில்லை. நாங்குநேரியில் பிறந்து பாளையங்கோட்டையில் வாழ்ந்த பேராசிரியர் நா.வானமாமலை 1964-ல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்று ஒரு புத்தகம் போட்டார். தாலாட்டு, ஒப்பாரி, வயல் பாட்டு என்று பெரிய தொகுப்பு. அதில் எனக்குப் பிடித்த விஷயம் பாட்டுக்குக் கீழே இருக்கிற பொடி எழுத்து. சேகரித்தவர் இன்னார், இடம் இன்ன ஊர் என்று இருக்கும். சில இடங்களில் உதவியவர் பெயரும். கேசட் இல்லாத, கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், ஊர் ஊராக ஆள் போய்ப் பாட்டை எழுதி வந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் வவுச்சர் வைத்திருக்கிறார் மனுஷன். நல்ல கணக்குப்பிள்ளை. அவருக்கே பல பாட்டுக்குப் பாடிய வாய் யாருடையது என்பது வரை போக முடியவில்லை என்பது வேறு விஷயம்.

நெல்லை தங்கராசுவையும் இங்கே சொல்ல வேண்டும். 'பரியேறும் பெருமாள்' பார்த்திருப்பீர்கள். 2018-ல் வந்தது. மாரி செல்வராஜின் முதல் படம். ஹீரோவின் அப்பா, பெண் வேடம் கட்டி ஆடுகிற கூத்துக் கலைஞர். சட்டக் கல்லூரிக்கு வந்த இடத்தில் அவர் வேட்டியை உருவித் துரத்துவார்கள். அந்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு நான் இடைவேளை மாதிரி எழுந்து வெளியே போய்விட்டேன். அதில் நடித்தவர் நிஜமாகவே பல வருடங்கள் பெண் வேடம் கட்டி ஆடிய கலைஞர். படத்துக்கு அப்புறம்தான் ஊருக்கே அவர் பெயர் தெரிந்தது. அதற்குப் பிறகும் குடிசையில் கஷ்டப்படுகிறார் என்று செய்தி வந்து, கலெக்டரும் எழுத்தாளர் சங்கத்துக்காரர்களும் ஓடிவந்து உதவ வேண்டியிருந்தது. 2023 பிப்ரவரியில் காலமாகிவிட்டார். சினிமா அவருக்கு டைட்டிலில் பெயர் போட்டது. அது பெரிய விஷயம். முன்னால் ஆடிய வருஷங்களுக்கு எந்த டைட்டிலும் கிடையாது.

இவ்வளவு நேரம் ஊர்க் கணக்கைப் பார்த்தேன். என் நோட்டையும் காட்டிவிடுகிறேன்.

1999-ல் நான் பாளையங்கோட்டையில் பி.காம். மூன்றாம் வருடம். எங்கள் வகுப்பில் ஒருவன் மாஞ்சோலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். மாஞ்சோலை தெரியும்தானே? மணிமுத்தாறுக்கு மேலே, மலையில் இருக்கிற தேயிலைத் தோட்டம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து ஒரு பம்பாய் கம்பெனி 1929-ல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. அவன் அப்பா, அம்மா, ஆச்சி எல்லோரும் அங்கே கொழுந்து பறித்தவர்கள். அவன் பெஞ்சில் தாளம் போட்டால் நாங்கள் பாடம் கவனிக்க மாட்டோம். காஸ்டிங் வாத்தியாரைப் பற்றி, ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி, மலையில் அட்டை கடிப்பதைப் பற்றி அந்தந்த நிமிஷத்தில் இட்டுக்கட்டி விடுவான். பாடுகிற மாதிரியும் இருக்கும், பேசுகிற மாதிரியும் இருக்கும். ராப் என்ற வார்த்தையே அப்போது எங்களுக்கு 'பேட்டை ராப்' வழியாகத்தான் தெரியும்.

ஜூலை 23, வெள்ளிக்கிழமை. தோட்டத் தொழிலாளர்களுக்கு நியாயமான கூலி கேட்டும், ஜெயிலில் இருந்தவர்களை விடுதலை செய்யக் கேட்டும் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம். கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி. ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் ஆறு. தாமிரபரணிக்குள் இறங்கி ஓடியவர்களில் பதினேழு பேர் செத்துப்போனார்கள். இரண்டு பெண்கள், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று. அன்றைக்கு அந்த ஆற்றுப் பாலம் தாண்டி வர முடியாமல் நாங்கள் கொஞ்சம் பேர் ஜங்ஷன் பக்கம் பரோட்டாக் கடையில் மாட்டிக்கொண்டோம். பஸ் இல்லையே என்பதுதான் அன்று எங்கள் கவலை.

அவன் இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. வந்தபோது அக்கவுண்ட்ஸ் நோட்டைக் கொடுத்தோம். வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்டதாக நினைவில்லை. பெஞ்சில் தாளம் போடுவதை நிறுத்திவிட்டான். ஆனால் ஒரு ராத்திரி ஹாஸ்டல் மொட்டைமாடியில் ஒரு பாட்டுப் பாடினான். ஆற்றைப் பற்றி. ஆச்சி ஒருத்தி ஆற்றிடம் கணக்கு கேட்கிற மாதிரி. நான் எழுதிக்கொண்டேன்.

கல்லூரி ஆண்டு மலருக்கு நான் மாணவ ஆசிரியர். பக்கம் நிரப்ப வேண்டியிருந்தது. அந்தப் பாட்டைப் போட்டேன். கீழே என்ன போட்டேன் தெரியுமா? 'நெல்லை வட்டார நாட்டுப்புறப் பாடல்'. அதற்குக் கீழே 'தொகுப்பு' என்று போட்டு என் பெயர். அவன் பெயரைப் போட்டால் பிரச்னை வரும், அவனுக்கே நல்லதில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பேராசிரியர் என் முதுகில் தட்டி, "நல்ல கலெக்‌ஷன்" என்றார். சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

2024-ல் மாஞ்சோலைத் தோட்டத்தை மூடுகிறார்கள், தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துக் கீழே இறங்கச் சொல்கிறார்கள் என்று செய்தி வந்தபோது அவன் ஞாபகம் வந்தது. நம்பர் தேடிப் பிடிக்க ஒரு வாரம் ஆனது. வெளியூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறான். அம்மா மட்டும் மேலே நாலுமுக்கில் இருந்தாள், இப்போதுதான் சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்றான். கொஞ்ச நேரம் அது இதென்று பேசிவிட்டு, ஆண்டு மலர் விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பு கேட்டேன்.

சிரித்தான். "ஏலே, அது எனக்கு அன்னைக்கே தெரியும்லா. லைப்ரரில பாத்தேன்."

"கேக்கலையே நீ?"

"என்னத்தக் கேக்க."

இப்போதாவது எழுதுகிறேன், உன் பெயரைப் போடட்டுமா என்றேன். கொஞ்சம் யோசித்தான். "வேண்டாம் மாப்ள. இங்க ஆபீஸ்ல யாருக்கும் நான் எந்தூரு, என்ன ஆளுன்னு தெரியாது. பையனுக்கு வேற பொண்ணு பாக்கணும், நாளப்பின்ன. விடு."

நான் விட்டேன். போனை வைக்கப் போகும்போது அவனே கூப்பிட்டான்.

"லேய், ஒண்ணு சொல்லணும்னு இருவத்தஞ்சு வருசமா நெனச்சிட்டு இருந்தேன். அதுல ரெண்டாவது வரிய நீ தப்பா எழுதியிருந்த. அது 'கரை' இல்லலே. 'கறை'."

பிறகு அந்தப் பாட்டை முதலிலிருந்து சொன்னான். பின்னால் யாரோ டேப் கிழித்து அட்டைப்பெட்டி ஒட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.